'டிரட்ஜ்' என்னும் வினை

நடத்தற்பொருள் உணர்த்தும் வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் மிகப் பல. அவற்றுள் ஒன்று 'டிரட்ஜ்' என்பது. 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் இச்சொல்லின் பிறப்பு மொழிநூலாராலும் துணியப்பெறவில்லை, பொருளோ தெளிவானது. களைப்பு, காலின் கனம், நில்லாமை என்னும் மூன்றும் கூடிய நடையே 'டிரட்ஜ்' ஆகும். ஆதலின் இதனை 'நட' என்று மட்டும் மொழிபெயர்த்தல் போதாது.

இதற்கு இனமான சொற்கள் இரண்டு. 'பிளாட்' என்பதில் மந்தமும் விடாமுயற்சியும் மிகும். ஆகவே மெல்ல மெல்லப் பாடம் பயிலும் மாணாக்கனுக்கும் அது வழங்கும். 'டிராம்ப்' என்பது அழுந்த மிதித்தலையும், நெடுந்தொலைவு கால்நடையாகச் செல்லுதலையும் குறிக்கும்.

பரங்கிமலையின் படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைப்பித்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். அப்படிகளில் துள்ளி ஏறும் சிறுவனுக்கு 'டிரட்ஜ்' பொருந்தாது; இளைத்து அமர்ந்துவிட்டவனுக்கும் பொருந்தாது. சாந்தோமிலிருந்தே நடந்துவந்து, படிதோறும் மூச்சு வாங்கியும் திரும்பாது ஏறும் மூதாட்டிக்கே அது பொருந்தும்.

இனி, இரு நெடும்பயணங்களை ஒப்புநோக்குவோம். 1841இல் கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து நீலகிரி வழியாகத் திருநெல்வேலிக்குக் கால்நடையாகச் சென்றார். நாட்டு மக்களை நேரில் அறியவேண்டித் தாமே விரும்பி மேற்கொண்ட அச்செலவு முழுமைக்கும் 'டிராம்ப்' என்பதே தகும். இரங்கூன் நகரில் 1941 டிசம்பர் 23ஆம் நாள் குண்டுகள் விழுந்தன. அதன்பின் 1942இல் இந்தியர் இலட்சக்கணக்கில் பர்மாவைவிட்டு நீங்கினர். அவருள் தமிழர் பலர். காடும் மலையும் கடந்து, பசியும் நோயும் வருத்த, உற்றாரை வழியில் பறிகொடுத்தும் நில்லாது வந்தோர் நடைக்கு 'டிரட்ஜ்' என்பதே உரிய சொல். சொல்லை மாற்றி வழங்கின், முன்னவரின் விருப்பமும் பின்னவரின் துயரமும் மறைந்துவிடும்.

இதற்கு நேரான ஒரு சொல் தமிழில் இல்லையே என வருந்தவேண்டுவதில்லை. ஆங்கிலம் வினைக்குள் அடக்குவதைத் தமிழ் எச்சத்தால் விரித்துரைக்கும். 'கால் கடுக்க நடந்தான்' என்றால் தொலைவும் நோவும் விளங்கும். 'கால்களை இழுத்து இழுத்து நடந்தான்' என்றால் கனமும் களைப்பும் விளங்கும். நில்லாமையும் தோன்றவேண்டின், 'கால்களை இழுத்து இழுத்து நடந்துகொண்டே இருந்தனர்' என்க. ஆகவே மொழிபெயர்ப்போர் அகராதியைப் புரட்டுமுன், நடப்பவர் யாவர், எந்நிலையில் நடக்கின்றனர் என்பதை ஆராய்தல் வேண்டும்.