நம்பிக்கைகளும் உண்மைகளும்: எந்த மண்ணும் விமானத்தை இழுப்பதில்லை

நெகிரி செம்பிலானின் லாபு, நீலாய், லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் ஒரு கதை ஓய்ந்தபாடில்லை. சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998இல் திறந்ததிலிருந்து, இந்தப் பக்கத்துச் செம்பனைகளுக்கு மேலே விமானங்கள் தாழப் பறப்பது அன்றாடக் காட்சி. அதனால் விமான விபத்து என்று பேச்செடுத்தால் இங்கே எல்லாரும் காது கொடுப்பார்கள். கதை இதுதான்: சிலாங்கூரில் உள்ள எல்மினா தோட்டத்து மண்ணில் 'ஏதோ' இருக்கிறது, 1977இல் அது ஒரு விமானத்தை இழுத்தது, 2023இல் இன்னொன்றை இழுத்தது. எல்லைக் கோயிலைப் பெயர்த்த பாவம் என்கிறார் ஒருவர். அகால மரணம் அடைந்தவர்களின் ஆவி என்கிறார் இன்னொருவர். திருவிழாப் பந்தலில், துக்க வீட்டு வாசலில், படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூட இதைத் தலையாட்டிக் கேட்கிறார்கள்.

போதும். இரண்டு விபத்துகளும் நடந்தது உண்மை. இரண்டுக்கும் காரணம் விசாரிக்கப்பட்டு எழுதி வைக்கப்பட்டிருப்பதும் உண்மை. அந்தக் காரணங்களில் மண்ணுக்கு எந்தப் பங்கும் இல்லை.

1977 செப்டம்பர் 27. தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 715, சுபாங் விமான நிலையத்தில் தரையிறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. வானிலை சரியில்லை. இத்தகைய தரையிறக்கத்துக்கு ஒரு தாழ்வு எல்லை உண்டு: ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாதவரை அந்த உயரத்துக்குக் கீழே ஓர் அடிகூட இறங்கக் கூடாது, தெரியவில்லை என்றால் மறுபடி மேலெழும்ப வேண்டும். ஓடுபாதை தெரியாமலேயே விமானி எல்லையைத் தாண்டி இறங்கினார். நிலையத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தள்ளி, எல்மினா தோட்டத்துக் குன்றில் டிசி-8 மோதியது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டார்கள்.

2023 ஆகஸ்ட் 17. லங்காவியிலிருந்து சுபாங் வந்த பீச்கிராஃப்ட் 390 சிறு ஜெட், எல்மினா அருகே சாலையில் விழுந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரும், சாலையில் போய்க்கொண்டிருந்த இருவரும் இறந்தார்கள். மலேசிய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் முடிவு தெளிவானது. தரையிறங்கும் முன் பார்க்க வேண்டிய சரிபார்ப்புப் பட்டியலைச் செய்துகொண்டிருந்தபோது, துணை விமானி தவறுதலாக இறக்கைமேல் தகடுகளை விரித்துவிட்டார். அந்தத் தகடுகள், சக்கரம் தரையைத் தொட்ட பிறகு இறக்கையின் தூக்குவிசையைக் கொன்று விமானத்தைத் தரையோடு அழுத்துவதற்காக இருப்பவை. பறக்கும்போது அவற்றை விரிப்பதற்கு அனுமதியே இல்லை.

ஏன் இரண்டும் ஒரே வட்டாரத்தில்? சுபாங்கின் 15ஆம் ஓடுபாதைக்கு இறங்கி வரும் பாதை எல்மினாவுக்கு மேலேதான் போகிறது. இரண்டு விமானங்களும் அந்த ஓடுபாதைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. 1998 வரை நாட்டின் தலைவாசல் சுபாங்தான். பல்லாண்டுகளாக எத்தனையோ விமானங்கள் அந்த மண்ணின்மேல் தாழப் பறந்து பத்திரமாக இறங்கியிருக்கின்றன. பறக்கும் நேரத்தில் தரையிறக்கம் எடுத்துக்கொள்வது சில நிமிடங்கள்தான், ஆனால் உலகில் உயிர்ப்பலி வாங்கும் விமான விபத்துகளில் ஏறத்தாழப் பாதி அந்த நிமிடங்களில்தான் நடக்கின்றன. எனவே விபத்துகள் நிலையங்களைச் சுற்றியே குவியும். 1989 பிப்ரவரி 19 அன்று ஃபிளையிங் டைகர் சரக்கு விமானம் பூச்சோங் அருகே மலையில் மோதி நால்வர் இறந்ததும் சுபாங்கில் இறங்க வரும் வழியில்தான். 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டளையை 400 அடி என்று புரிந்துகொண்டார்கள். தரை நெருங்குகிறது என்று கருவி எச்சரித்தும் மேலெழும்பவில்லை. பூச்சோங்குக்கு ஏன் ஆவிக்கதை கட்டவில்லை?

கதை கட்டுவதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பழியை மண்ணின் தலையில் போட்டுவிட்டால், எந்த விதி மீறப்பட்டது, எந்தக் கைப்பிடி நகர்ந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இறந்தவர்களின் பெயரால் கிடைத்த பாடத்தை இறந்தவர்களின் ஆவியைக் காட்டியே மறைப்பது, அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

"2023இல் பட்டியலைப் பார்த்தும்தானே விழுந்தது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பட்டியலை வாயால் ஒப்பித்தால் மட்டும் காவல் கிடைக்காது. ஒருவர் வாசிக்க, மற்றவர் அந்தக் கைப்பிடியைக் கண்ணால் பார்த்து, இருக்கும் நிலையைச் சொல்ல வேண்டும். சொன்னது சரிதானா என்று வாசித்தவரும் பார்க்க வேண்டும். விடிகாலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவதைப் போன்றதுதான் இது: ஆளைப் பார்க்காமல் பெயருக்கு நேரே கோடு போட்டால், வராதவனுக்கும் சம்பளம் விழும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

"அனுபவசாலிக்குத் தாள் எதற்கு?" சரிபார்ப்புப் பட்டியல் பிறந்ததே அனுபவசாலி ஒருவரின் மரணத்தில்தான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் டேட்டனில் போயிங் 299 எழும்பியதும் விழுந்தது. ஓட்டியவர் ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி பிளோயர் ஹில். நிறுத்தி வைக்கும்போது விமானத்தின் கட்டுப்பாட்டுத் தகடுகள் காற்றில் அசையாதிருக்கப் போடும் பூட்டு கழற்றப்படவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகே பட்டியல் எழுதப்பட்டது. பி-17 என்ற பெயரில் அதே விமானம் ஆயிரக்கணக்கில் பறந்தது. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் தலைமை விமானியும் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். மறுபடி மேலெழும்பலாம் என்று துணை விமானி சொல்லியும் அவர் இறங்கினார்.

"இப்போது எல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும்." பார்க்காது. 1987இல் டிட்ராய்ட்டிலும் 2008இல் மாட்ரிட்டிலும், எழும்புவதற்குத் தேவையான இறக்கை மடிப்புகளை விரிக்காமலேயே எம்டி-82 விமானங்கள் ஓடின. எச்சரிக்க வேண்டிய கருவி இரண்டு முறையும் ஒலிக்கவில்லை. முதலில் 156 பேர், பிறகு 154 பேர் இறந்தார்கள். பட்டியலில் ஒரு வரியை முறையாகப் பார்த்திருந்தால் போதும்.

"ஆபத்து வந்தால் பட்டியல் பார்க்க நேரம் ஏது?" 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் 32, பாத்தாம் தீவின்மேல் இயந்திரம் வெடித்துச் சிதறிய பிறகும் 469 பேருடன் பத்திரமாகத் திரும்பியது. அதன் விமானிகள் ஏறத்தாழ 50 நிமிடம் வானில் வட்டமிட்டபடி ஒவ்வொரு பழுதுக்கும் உரிய பட்டியலைப் பொறுமையாகச் செய்து முடித்தார்கள்.

"விமானி தவறு என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது." முடியக் கூடாது. ஏன் தவறினார், பயிற்சி போதுமா, மேலதிகாரியைத் தடுத்துப் பேசத் துணை விமானிக்குத் தைரியம் இருந்ததா என்று கேட்பதுதான் விசாரணை.

இதையெல்லாம் தோட்டத்துக்காரர்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்றால், தோட்டத்திலும் உயிர் ஏற்றும் வண்டிகள் ஓடுகின்றன. குலை ஏற்றும் டிராக்டர், ஆள் ஏற்றும் லாரி, பள்ளிப் பிள்ளைகளின் வேன். இவற்றைக் கிளப்பும்முன் பிரேக், டயர், இணைப்புக் கொக்கி, பின்விளக்கு ஆகியவற்றைப் பார்த்துக் கையெழுத்திடும் தாள் எத்தனை கொட்டகைகளில் உண்மையாக நிரப்பப்படுகிறது? "இருபது வருஷம் ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" என்ற பேச்சு விமானி அறையில் கேட்டதும் பயப்படுகிறவர்கள், டிராக்டர் கொட்டகையில் கேட்டால் சிரித்துக்கொண்டு நகர்கிறார்கள். 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்பான வேலையிடத்தைத் தருவது முதலாளியின் கடமை. தன்னையும் பிறரையும் காக்கும்படி நடந்துகொள்வது தொழிலாளியின் கடமை.

சிரம்பானிலிருந்து பகாவ் வரை உள்ள தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் இந்தத் தாளைத் தமிழிலும் மலாயிலும், இன்று அங்கே வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களின் மொழிகளிலும் அச்சிட்டு ஒவ்வொரு வண்டியிலும் தொங்கவிட வேண்டும். ஓட்டுநர் பார்த்துச் சொல்ல, மண்டோர் நேரில் நின்று சரிபார்க்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போடும்வரை சாவியைக் கொடுக்கக் கூடாது.