பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளில் ஒரே பேச்சு: "எந்த குரூப்?" கணினி அறிவியலைப் பற்றி அந்த வாரத்தில் காதில் விழும் யோசனைகளில் பாதிக்கு மேல் தவறு. அதை நம்பிப் பிடித்த பாடத்தை விட்டுவிடும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

"சி.எஸ்.இ. சேர வேண்டுமானால் இந்தப் பாடம் கட்டாயம்." இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணினி அறிவியலில் சென்டம் வாங்கினாலும் அதில் ஒரு மதிப்பெண்கூடச் சேராது. பயோ-மேத்ஸ் படித்தவரும் தாராளமாக சி.எஸ்.இ. சேரலாம்.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். "கட்-ஆஃபுக்கு உதவாத பாடத்துக்கு ஏன் நேரம் செலவழிக்க வேண்டும்? டைப்பிங்கும் எம்.எஸ். ஆபீஸும்தானே?" இதுதான் அதிகம் கெடுக்கும் நம்பிக்கை. மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். செயற்கூறு, தரவு அருவமாக்கம் என்று தொடங்கி பைத்தான், எஸ்.க்யூ.எல். வரை போகிறது. அதில் வரும் இருமத் தேடலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அகரவரிசையில் 1000 பெயர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் கடைசிப் பெயருக்கு 1000 முறை ஒப்பிட வேண்டும். நடுப்பெயரைப் பார்த்துத் தேவையில்லாத பாதியைத் தள்ளிவிட்டு, மீதியிலும் அப்படியே செய்துகொண்டு போனால் அதிகபட்சம் 10 ஒப்பீடுகள் போதும். பத்து லட்சம் பெயர்கள் என்றாலும் 20தான். பதினாறு வயதில் இதைத் தானே கண்டுகொள்ளும் பிள்ளைக்கு, ஒரு வேலையை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிக்கும் பழக்கம் வந்துவிடும். எந்தப் படிப்புக்குப் போனாலும் அது கூடவே வரும். மதிப்பெண்தான் முக்கியம் என்றாலும், அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் தரவரிசையில் மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களும் 400க்குக் கணக்காகின்றன.

"வீட்டில் நல்ல லேப்டாப் இல்லாமல் முடியாது." செய்முறைக்குக் கணினி தேவைதான், ஆனால் பைத்தான் இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும். சிந்திக்கத் தாளும் பேனாவும் போதும். இந்தியக் கணினி ஒலிம்பியாடில் மண்டல அளவுத் தேர்வு ஒன்று எழுத்துத் தேர்வாகவே நடத்தப்பட்டுவந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் அதை எழுத முடிந்தது.

"தமிழ் வழியில் படித்தால் புரியாது" என்பதும் வெறும் பயம். பாடநூல் தமிழிலும் இருக்கிறது. நிரலில் வரும் ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் சில டஜன்தான்.

"இப்போது எடுக்காவிட்டால் பிறகு வழியே இல்லை" என்று அழும் பிள்ளைகளுக்கு: சென்னை ஐஐடி 2020இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் படிப்பில் சேர ஜே.இ.இ. தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூவில் எந்தப் பிரிவில் தேறியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடம், அதன்பின் தகுதித் தேர்வு.

அட்மிஷனுக்குப் போகும்போது பள்ளியில் சென்டம் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை பீரியட் லேப், ஒரு கணினிக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள்.