நூறு தூண்டிலுக்கு எத்தனை சுறா?

தொம்மலூரில் குடியிருக்கும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் சுறாப் புட்டு என்றதும் நம்மில் பலருக்கு ஊர் நினைவு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நீருக்கடியில் அந்தச் சுறாக்கள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று எப்படி அறிவது? பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்குதான் அது.

இதற்கான கருவி ஆயிரங்கால் தூண்டில். நீண்ட தாய்க்கயிறு ஒன்று. அதில் சீரான இடைவெளியில் கிளைக்கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த தூண்டில் முள். மிதவைகள் கயிற்றைத் தாங்கும். சில மணி நேரம் கடலில் விட்டுவைத்துப் பின் இழுப்பார்கள். இழுவலை கிழிந்துபோகும் பாறைப் பகுதியிலும் இதைப் போடலாம். குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் இத்தூண்டிலால் சுறாப் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள்.

1946-ல் பம்பாயில் ஆழ்கடல் மீன்பிடி நிலையமாகத் தொடங்கிய மைய அரசு நிறுவனம், 1983 முதல் 'ஃபிஷரி சர்வே ஆஃப் இந்தியா' எனப்படுகிறது. அதன் ஆய்வுக் கப்பல்கள் இதே தூண்டிலை அளவுகோலாக்கின. 100 முள்ளுக்கு எத்தனை மீன் என்பதே அளவு.

சென்ற ஆண்டு 750 முள்ளில் 15 சுறா; இந்த ஆண்டு 1,200 முள்ளில் 18 சுறா என்று வைத்துக்கொள்வோம். பெருகிவிட்டதா? 100 முள்ளுக்கு 2 ஆக இருந்தது 1.5 ஆகிவிட்டது. கால் பங்கு குறைவு!

ரயில்வேயில் தண்டவாள இடைவெளியை ஒரே அளவுகோலால்தான் அளப்போம். கோல் மாறினால், கோளாறு தண்டவாளத்திலா கோலிலா என்று தெரியாது. இங்கும் முள், இரை, ஆழம், பருவம், ஊறும் நேரம் எல்லாம் ஆண்டுதோறும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

சுறா மெதுவாக வளரும், குட்டிகளும் குறைவு. குறைந்தால் மீள நெடுங்காலமாகும். பெருங்கடல் சுறா, திருக்கைகள் 1970-க்குப் பின் சுமார் 70 விழுக்காடு குறைந்ததாக 2021-ல் ஓர் உலக ஆய்வு கூறியது. நம் நாட்டில் 2001 ஜூலையில் எல்லாச் சுறாக்களுக்கும் தடை வந்தது. மீனவர் பிழைப்பு கெடும் என்ற எதிர்ப்பால் டிசம்பரில் அது சில வகைகளுக்கு மட்டும் என்றானது. எவ்வகையைக் காப்பது, எதைப் பிடிப்பது என்பதற்கு இந்தக் கணக்குதான் விடை தரவேண்டும்.

பிள்ளைகளே, 900 முள்ளில் 27 சுறா கிடைத்தால் 100 முள்ளுக்கு எத்தனை? போட்டுப் பாருங்கள்.