கையில் கிடைத்தது திமிங்கலப் பல்லா? கண்டுபிடிக்க 9 குறிப்புகள்

அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா, ஃப்ளோரிடா மாநிலங்களில் ஆற்றுப் படுகையிலும் கடலோரத்திலும் ஸ்பெர்ம் திமிங்கலங்களின் கல்லாகிப்போன பற்கள் கிடைக்கின்றன. அம்பர்கிரிஸ் தருகிறதே, அந்த வகைத் திமிங்கலம்தான். பொறுக்கியதைச் சோதிக்க இதோ சில வழிகள்.

1. வடிவத்தை முதலில் பாருங்கள். சுறாப் பல் தட்டையாக இருக்கும். திமிங்கலப் பல் உருண்டு, லேசாக வளைந்து, நடுவில் பருத்து, வாழைப்பழம் போல இருக்கும்.

2. உடைந்த முனை இருந்தால் தண்ணீரில் நனைத்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். உள்ளே டென்டின் என்ற உள்திசு, அதைச் சுற்றி வேறு நிறத்தில் சிமென்டம் என்ற மேலடுக்கு என்று வளையம் வளையமாகத் தெரிந்தால் பல்தான். பஞ்சு மாதிரி துளைகள் தெரிந்தால் எலும்பு. எதுவுமே தெரியாமல் ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் வெறும் கல்.

3. எனாமல் இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். இன்றைய ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வளர்ந்த பல்லிலும் எனாமல் இருக்காது. பழைய இனங்கள் சிலவற்றில் மட்டும் நுனியில் சுருக்கம் விழுந்த எனாமல் தொப்பி உண்டு.

4. அடிப்பகுதி குழிவாக இருந்தால் இளம் திமிங்கலம், அடைபட்டிருந்தால் வயதானது. முதலைப் பல்லும் அடியில் குழிந்துதான் இருக்கும். ஆனால் அதன் வெளிப்புறம் எனாமல் மூடி வழவழப்பாக இருக்கும்.

5. நிறத்தை வைத்து வயது சொல்லாதீர்கள். பாஸ்பேட் மண்ணில் கிடந்தது கருத்திருக்கும். வேறு மண்ணில் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும்.

6. விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழி தெரிந்தால் பிளாஸ்டிக் வார்ப்பு. வெட்டுமுகத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தால் யானைத் தந்தம்.

7. வெளுப்பாக, எடை குறைவாக இருந்தால் உஷார்! அது இக்காலத் திமிங்கலத்தின் பல்லாக இருக்கலாம். அதன் சர்வதேச வணிகத்துக்கு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தம் தடை போட்டிருக்கிறது. கல்லான பல்லுக்கும் விதி உண்டு. ஃப்ளோரிடா அரசு நிலத்தில் சுறாப் பல்லை அனுமதிச் சீட்டு இல்லாமல் பொறுக்கலாம். திமிங்கலப் பல்லுக்குச் சீட்டு வேண்டும்.

8. கழுவ நல்ல தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். வினிகர், எலுமிச்சை ஆகாது. அமிலம் பல்லைக் கரைத்துவிடும். கடலில் எடுத்ததை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி உப்பை இறக்குங்கள். பிறகு நிழலில் மெல்ல உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் மேல் சிமென்டம் ஏடு ஏடாக உரிந்துவிடும்.

9. எடுத்த இடம், தேதி, நீளம் மூன்றையும் சீட்டில் எழுதிப் பல்லோடு வையுங்கள். வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தால் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். 2016-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருகே போமாரிஸ் கடற்கரையில் ஒருவர் கண்டெடுத்த பல்லின் நீளம் 30 செ.மீ., வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். அவர் அதை விக்டோரியா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததால்தான், அப்படிப்பட்ட ராட்சதத் திமிங்கலம் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியேயும் வாழ்ந்தது தெரியவந்தது.