பிரஷர் நார்மல்தானே, பிறகென்ன?

பைக்கிலிருந்து விழுந்த இளைஞனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருக்கிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கருவியில் 118/90 என்று தெரிந்ததும் கூட வந்தவர்களின் முகம் தெளிந்துவிடுகிறது. “பிரஷர் நார்மல்தானே டாக்டர், கூட்டிட்டுப் போகலாமா?” அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது பழகிய கேள்வி. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

நம்பிக்கை: பிரஷர் சரியாக இருந்தால் ஆபத்து இல்லை.

உள்ளே ரத்தம் கசியும்போது பிரஷர் கடைசியில்தான் விழும். வளர்ந்தவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகும் மேல் எண் அசையாமல் நிற்கலாம். கை, கால், தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை உடம்பு இறுக்கிக்கொள்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையாமல் இப்படித்தான் சமாளிக்கிறது. அதனால்தான் உள்ளங்கை சில்லிடுகிறது, நெற்றி வியர்க்கிறது, நாடி 100-ஐத் தாண்டுகிறது. பிரஷரின் இரண்டு எண்களுக்கும் நடுவே வழக்கமாக 40 அளவில் இருக்கும் இடைவெளி சுருங்குகிறது. அந்த இளைஞனுக்கு அது 28. இருக்கும் ரத்தத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் போகும்போதுதான் மேல் எண் சரியத் தொடங்கும். அது சரிந்த பிறகு எங்கள் கையில் இருப்பது சில நிமிடங்களாகக்கூட இருக்கலாம். குழந்தைகள் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடித்து, பிறகு சட்டென்று விழுந்துவிடுவார்கள்.

அப்படியானால் நாடியைப் பார்த்தால் போதுமா? அதுவும் போதாது. பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். நிறைய ரத்தம் போனாலும் 76-லேயே நிற்கக்கூடும். அதேபோல, பிரஷர் எப்போதும் 160-ல் இருக்கும் பெரியவருக்கு 110 என்பது நல்ல செய்தியே இல்லை. இவற்றில் எதுவும் கருவிக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நம்பிக்கை: எல்லாம் மெஷினிலேயே தெரிந்துவிடும்; கேள்வி கேட்பது நேரத்தை வீணாக்குவது.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதமானால் பலன் குறையும், மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். அதற்குப் பிறகும் சிலருக்கு வேறு வழிகள் உண்டு, எல்லாருக்கும் இல்லை. ஆகவே எங்கள் முதல் கேள்வி, “எப்போ ஆரம்பிச்சது?”

“காலைல 6 மணிக்கு எழுப்பினோம், வாய் கோணியிருந்துச்சு” என்கிறார் தம்பி மகன். மணி இப்போது 8. இரண்டு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் 6 மணி என்பது அவர்கள் பார்த்த நேரம். நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். ராத்திரி 10 மணிக்குப் படுத்தவர் என்றால் 10 மணி நேரம் ஓடிவிட்டதாகவே கணக்கு. அப்போது பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் மனைவியைக் கேட்டால், “விடியக்காலம் நாலரைக்கு பாத்ரூம் போனாருங்க, தண்ணி வேணும்னு நல்லாத்தான் கேட்டாரு” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் கணக்கு மூன்றரை மணி நேரமாகிவிடுகிறது. ஊசிக்கு இன்னும் இடம் இருக்கிறது. நம் குடும்பங்களில் டாக்டரிடம் பேசுபவர் ஒருவர், நடந்ததைப் பார்த்தவர் இன்னொருவர். பார்த்தவரை முன்னால் விடுங்கள்.

மறைப்பது இதைவிட ஆபத்து. நெஞ்சுவலியோடு வந்தவர், முதல் நாள் ஆண்மைக்காக மாத்திரை போட்டதைச் சொல்லக் கூச்சப்படுகிறார். அது தெரியாமல் நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். வயிற்றுவலியோடு வந்த இளம்பெண்ணிடம் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று அம்மா பதில் சொல்கிறார். கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்திருந்தால் அந்தப் பதில் உயிரைக் கேட்கும். அந்தப் பெண்ணைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டியது எங்கள் கடமை. எல்லா நேரமும் நாங்கள் அதைச் செய்துவிடுவதில்லை. விஷம் குடித்தவரை, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் “சாப்பாடு ஒத்துக்கல” என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் பொறுப்பு. உண்மையைச் சொல்லுங்கள், மாற்று மருந்து அதைப் பொறுத்துத்தான்.

நம்பிக்கை: விரலில் மாட்டும் கருவி 98 காட்டினால் மூச்சு நன்றாக இருக்கிறது.

ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அயோயாகி 1970-களில் கண்டுபிடித்த முறை அது. கொரோனா அதை வீடு வீடாகக் கொண்டுவந்தது. அருமையான கருவிதான். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். அதற்காக நெஞ்சு எவ்வளவு பாடுபடுகிறது என்று சொல்லாது. மூடிய அறையில் கரி அடுப்புப் புகையில் மயங்கியவருக்குக்கூட அது நல்ல எண்ணைக் காட்டும், ஏனென்றால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அதனால் பிரித்தறிய முடியாது. சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமாகிக்கொண்டிருப்பவர் ஆழமாக, வேகமாக இழுத்து மூச்சுவிடுவார். கருவியோ 99 என்று நிற்கும்.

மூச்சை எண்ணத்தான் வேண்டும். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் அவசரம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்ப்போம். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காக, எண்ணாமலே 18 அல்லது 20 என்று எழுதிவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

நம்பிக்கை: உடம்பு சுடவில்லை, அதனால் தொற்று இல்லை.

வயதானவர்களுக்கு ரத்தத்தில் தொற்று பரவும்போது காய்ச்சல் வராமலே போகலாம். உடம்பு சில்லிட்டும் போகலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று பேரனின் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்றால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் அழைத்து வாருங்கள். வரும்போது மாத்திரைகளைக் கவரோடு அப்படியே எடுத்து வாருங்கள். “வெள்ளையா, சின்னதா ஒண்ணு” என்றால் எங்களுக்குப் புரியாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையும் வெள்ளையாகச் சின்னதாக இருக்கலாம்.

அந்த இளைஞனுக்கு வருவோம். பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் நாடி 104-லிருந்து 122 ஆகியிருக்கிறது. பிரஷர் இன்னும் 114. விழுந்தபோது கூட இருந்த நண்பனைத் தேடிப் பிடித்துக் கேட்கிறோம். “இடது பக்கம்தான் சார் குத்துச்சு. அப்பலேர்ந்து தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.” இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல். ஸ்கேன் அறைக்கும் அறுவை சிகிச்சை அரங்குக்கும் உடனே போன் போகிறது.