ஃப்ளஷ் டேங்கில் செங்கல் போடாதீர்கள்

விருத்தாசலம் பக்கம் நல்லூரில் பெரியம்மா வீட்டுக் குளியலறைக்குள் போனவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வராவிட்டால் கதவு தட்டப்படும். "ஆத்துலயா குளிக்கிற? அளவாப் புழங்குப்பா!" மணிமுக்தாற்றில் மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணலைத்தான் பார்க்க முடியும் என்பதால் அந்த அதட்டல் நியாயமானதுதான். ஆனால் அதே குளியலறைக்குப் பக்கத்துச் சுவரில் பழைய வெள்ளை ஃப்ளஷ் டேங்க் ஒன்று ராத்திரி பகலாகக் கசிந்துகொண்டிருந்தது. அதை யாரும் அதட்டவில்லை. இப்படி நாம் நம்பிவரும் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

"தண்ணீர் அதிகம் செலவாவது குளியலில்தான்."

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் கொட்டும். வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் நாளுக்கு 200 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நான்கு பேருக்கு 220. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த தண்ணீரில் 20 லிட்டரை மட்டும் விட்டுவைத்து மீதியைக் கழிவறைக் கோப்பையே குடித்துவிடுகிறது. குளியலுக்கு ஆளுக்கொரு பக்கெட் என்று வைத்தாலும் 80 லிட்டர்தான். பெரியம்மா தட்டியது தப்பான கதவை.

"டேங்குக்குள் ஒரு செங்கல் போட்டுவிட்டால் போதும், தண்ணீர் மிச்சம்."

விருத்தாசலம் பக்கம் செங்கல்லுக்குப் பஞ்சமில்லை. அதனால் இந்த வைத்தியம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. யோசனை சரி, பொருள்தான் தப்பு. தண்ணீரிலேயே கிடக்கும் செங்கல் மெல்லக் கரைந்து உதிரும். அந்தப் பொடி டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷருக்குக் கீழே போய் உட்காரும். வாஷர் சரியாகப் படியாது, கசியத் தொடங்கும். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம் பிடித்து, ராத்திரிக்குள் பல பக்கெட்டைக் கோட்டைவிடுவோம். செங்கல்லுக்குப் பதில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரோடு கொஞ்சம் மணலையும் போட்டு, மூடியை இறுக்கி, மிதவையில் இடிக்காமல் ஓரமாக நிறுத்துங்கள்.

அதற்கும் எல்லை உண்டு. பழைய கோப்பையின் வளைவு பத்து லிட்டருக்கென்று வார்க்கப்பட்டது. தண்ணீரை ஒரேயடியாகக் குறைத்தால் ஒருமுறையில் போகாமல் இரண்டு முறை அழுத்துவோம். புதிதாக வாங்குகிறவர்கள் மூன்று, ஆறு லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதைக் கோப்பையோடு சேர்த்தே வாங்குங்கள். மேலே சொன்ன அதே குடும்பத்தில் ஆளுக்கு நான்கு தடவை சின்னப் பொத்தான், ஒரு தடவை பெரிய பொத்தான் என்றால் நாளுக்கு 72 லிட்டரில் முடிந்துவிடும். ஆனால் எது சின்னப் பொத்தான் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டையும் சேர்த்து அழுத்துகிற ஆள் ஒருவர் உண்டு.

"இந்தியன் டைப் என்றாலே சிக்கனம்."

மக்கில் மொண்டு ஊற்றினால் சிக்கனம்தான். மேலே பத்து லிட்டர் டேங்கை மாட்டிவிட்டால் வெஸ்டர்னுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. உண்மையான சிக்கனம் கோப்பையின் சரிவில் இருக்கிறது. கிராமத்துக் குழிக் கழிவறைக்கென்று வந்த கோப்பை 25 முதல் 28 டிகிரி வரை நன்றாகச் சரியும், அடியில் நிற்கும் தண்ணீரும் 20 மில்லிமீட்டர்தான். ஒன்றரை, இரண்டு லிட்டரில் சுத்தமாகிவிடும். இந்தச் சரிவை வீட்டில் வந்து யாரும் மாற்ற முடியாது. மண்ணை அச்சில் வார்க்கும்போதே, சூளைக்குப் போகும் முன்பே தீர்மானமாகிவிடுகிற விஷயம் அது. பீங்கான் பொம்மையும் மின்கம்பத்து இன்சுலேட்டரும் செய்யும் ஊர் விருத்தாசலம். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் சாக்கடைக்குப் பதிக்கும் ஸ்டோன்வேர் குழாய் செய்ததும் இங்கேதான். இந்த ஊர்க்காரர்களுக்கு அச்சின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஷவரில் சன்னமாகத்தானே வருகிறது."

ஷவருக்கு அடியில் பக்கெட்டை வைத்துவிட்டு மணி பாருங்கள். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொட்டும் ஷவரில் இரண்டு நிமிடத்திலேயே ஒரு பக்கெட் ஆகிவிடும். அதற்காகப் பக்கெட்காரர்கள் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். குழாயைத் திறந்துவைத்து, நிரம்பி வழிய வழிய மொண்டு ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"செப்டிக் டேங்குக்குள் நிறையத் தண்ணீர் போனால்தான் நல்லது."

நேர்மாறு. கழிவு அடியில் படிந்து மட்க, தண்ணீர் உள்ளே ஒரு நாளாவது நிற்க வேண்டும். மேலும் மேலும் ஊற்றினால் மட்காததும் வெளியே தள்ளப்படும். குளித்த தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து வாழைக்கு விடுங்கள்.

"நாம் ஒரு பக்கெட் மிச்சம் பிடித்தால் நிலத்தடி நீர் ஏறிவிடும்."

ஏறாது. நாட்டில் எடுக்கும் நன்னீரில் பெரும்பங்கு போவது வயலுக்கு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை இறைத்துத் தணித்தால்தான் சுரங்கமே வெட்ட முடியும். இவற்றுக்கு முன்னால் நம் கழிவறை கொசு. குளியலறைச் சிக்கனத்தால் கிடைப்பது வேறு: மோட்டார் ஓடும் நேரம் குறையும், கரண்ட் போன நாளில் மேல்தொட்டி சாயங்காலம்வரை தாங்கும். அதுவே எனக்குப் போதுமான காரணம்.

"சத்தம் கேட்கவில்லை, அதனால் கசியவில்லை."

பெரியம்மா வீட்டு டேங்கைப் பார்த்த பிளம்பர் சமையலறை, குளியலறை எதையும் சுற்றவில்லை. "சொட்டு நீலம் இருக்காம்மா?" என்றார். டேங்குக்குள் சில துளி விட்டுவிட்டு, அரைமணி நேரம் யாரும் அழுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போய் டீ குடித்தார். திரும்பி வந்தபோது வெள்ளைக் கோப்பையின் பின்பக்கம் நூல் மாதிரி நீலக்கோடு இறங்கியிருந்தது. பெரியம்மா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று ராத்திரி படுக்கப் போகும் முன் உங்கள் டேங்கிலும் விட்டுப் பாருங்கள். நீலம் இறங்கினால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் அடி வாஷர்தான். டேங்குக்கு வரும் வால்வை முதலில் மூடிவிட்டுக் கழற்றுங்கள்.