கீபோர்டு பாதியில் நின்றால்

பெங்களூரு அல்சூரில் ஓர் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். மெல்லிசைக் கச்சேரிதான் அவர்கள் பிழைப்பு. அக்கா பாடுவார். தம்பி கீபோர்டு வாசிப்பான். மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கிய கீபோர்டு அது. இன்னும் ஆறு தவணை பாக்கி.

இந்தக் கீபோர்டு தானாக ஒலி தராது. யூ.எஸ்.பி. வயர் வழியாக அதைக் கணினியோடு சேர்க்க வேண்டும். கட்டையை அழுத்தினால், "இந்தச் சுரத்தை ஒலி" என்று ஒரு செய்தி போகும். விரலை எடுத்தால், "நிறுத்து" என்று இன்னொரு செய்தி போகும். ஒலியை உண்டாக்குவது கணினி. இந்தச் செய்தி முறைக்கு மிடி என்று பெயர். 1983-இல் வந்த முறை இது.

ஒரு கல்யாண வீட்டில் பாட்டின் நடுவே ஒரு சுரம் நிற்காமல் அலறியது. பிறகு கீபோர்டே பேசவில்லை. பேசிய பணத்தில் பாதிதான் கிடைத்தது. கடைக்காரர், "புதுசு வாங்குங்க" என்றார். அவர் அப்படித்தானே சொல்வார்!

"வாங்கிடலாமா அக்கா?"

"பழைய கடனே தீரலைடா. எப்பெப்போ நிக்குதுன்னு முதல்ல சொல்லு."

"வயர் ஆடினா நிக்குது. நீ மட்டும் பாடுற இடத்துல நான் கை எடுத்துடுவேன். திரும்ப வாசிச்சா, சில நேரம் சத்தமே வராது."

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

வயர் ஆடும்போது தொடர்பு அறுந்தது. "நிறுத்து" என்ற செய்தி கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் சுரம் அலறியது. தம்பி வேறு வயர் மாற்றினான். அப்போதும் கணினி கீபோர்டைக் கண்டுகொள்ளவில்லை! அது செல்போன் சார்ஜ் ஏற்ற மட்டும் ஆன வயர். அதற்குள் மின்சாரக் கம்பி உண்டு. செய்தி போகும் கம்பி இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். செய்தி போகும் நல்ல வயர் போட்டதும் அலறல் நின்றது.

கீபோர்டு, மவுஸ், சிறு மின்விசிறி மூன்றையும் ஒரே ஹப்பில் மாட்டியிருந்தார்கள். யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர் மின்சாரம் தரும். தனி அடாப்டர் இல்லாத ஹப் அதைத்தான் பங்கு போடும். கீபோர்டை நேராகக் கணினியில் மாட்டுவதே நல்லது.

இரண்டாவது கோளாறுக்குக் காரணம் கணினியின் சிக்கனம். சும்மா இருக்கும் கருவிக்கு மின்சாரத்தை அது குறைத்துவிடும். விண்டோஸ் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். அதில் யூ.எஸ்.பி. ரூட் ஹப் இருக்கும். அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கும். மின்சாரம் மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்று கணினிக்குக் கொடுத்த அனுமதி அது. அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், எதனால் சரியானது என்று தெரியாது.

முதலில் கீபோர்டை மாட்டுங்கள். பிறகு இசை மென்பொருளைத் திறங்கள். பின்னால் மாட்டிய கருவியைச் சில மென்பொருள்கள் கவனிப்பதில்லை.

அக்கா வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார். தம்பி ஒரு மணி நேரம் வாசித்தான். நடுவில் பத்து நிமிடம் கை எடுத்தான். திரும்பத் தொட்டதும் ஒலி வந்தது. "அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கலாம்டா" என்றார் அக்கா.